சிஞ்ஞோராவுக்கு நான்கு கொய்யாப்பழம்

ஞாயிறு, பிற்பகல் 4.20. சிசிலித் தீவில் பலெர்மோ விமான நிலையம் ஒரு மொட்டை மலைக்கும் கடலுக்கும் நடுவில், புன்டா ராய்சி என்ற இடத்தில் இருக்கிறது. நகரம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. பஸ்ஸுக்கு ஆறரை யூரோ. 4.30க்குப் புறப்பட வேண்டிய பஸ் 4.41க்குப் புறப்பட்டது. சாரதி கதவருகில் நின்று சிகரெட்டை ஆறுதலாக முடித்துவிட்டுத்தான் ஏறினார். முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் ஸ்ரேஷன் மாஸ்ரராக இருந்தவன் நான். பதினொரு நிமிடம் பிந்தினால் மூன்று புத்தகத்தில் காரணம் எழுத வேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதைத் தங்கை கண்டுவிட்டாள்.

"இஞ்சை உதெல்லாம் பாக்கக் கூடாது அண்ணை," என்றாள். "பஸ் வந்ததே பெரிய விசயம்."

தங்கை யோகராணி இங்கே வந்து பத்தொன்பது வருடம். கணவர் சிவநேசன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சமையல். பஸ் அந்தப் பக்கமாகப் போகும்போது யோகா சன்னலால் கையை நீட்டிக் காட்டினாள்: கொஞ்சம் படகுகள், கொஞ்சம் கூரைகள், அவ்வளவுதான். மத்தியானமும் இரவும் அங்கேதான் நிற்பார் என்பதால் எனக்கு ஊர் காட்டும் வேலை முழுவதும் தங்கையின் தலையில். அவளும் சும்மா இருக்கிறவள் அல்ல. நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் தனியாக இருக்கும் எண்பத்து நான்கு வயது யூத அம்மா ஒருவரின் வீட்டில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். அவருடைய பெயர் லியா. யோகாவுக்கு எப்போதும் சிஞ்ஞோராதான், இத்தாலியத்தில் அம்மணி என்று மரியாதையாகக் கூப்பிடுவது.

"நீங்கள் நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள்," என்றாள். "நாளைக்குப் பொழுதுபட அவையின்ரை புதுவருசம் தொடங்குது. ரெண்டு நாள் கொண்டாடுவினம். செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டிருக்கிறா. உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ."

"நீதானே அங்கை ஒவ்வொரு நாளும் நிக்கிறனீ? பிறகென்ன கூப்பிடுறது?"

"அது வேலைக்கு. இது விருந்தாளியா. ஏப்ரன் கட்டக் கூடாதாம், மேசையிலை இருக்க வேணுமாம்."

அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கலியாண வீட்டுக்கு முதல் ஆளாக அழைக்கப்பட்டவளின் முகம்.

விருந்துக்கு வெறுங்கையுடன் போக முடியாது. இதில்தான் சிக்கல். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதே புதுவருடத்துக்கு, யோகா விடியவிடிய நின்று முப்பது றோல்ஸ் செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சிஞ்ஞோரா இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னாராம். பின்னேரம் வேலை முடிந்து இறங்கும்போது, கட்டிடக் காவலாளி அந்தப் பெட்டியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல உறைப்பு என்று யோகாவையே பாராட்டினாராம். வேறு வீட்டுச் சட்டியில் பொரித்தது எதையும் சிஞ்ஞோரா வாயில் வைக்க மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு பத்து வருடமாக யோகா அந்த வீட்டுக்கு ஒன்றும் கொண்டுபோனதில்லை. இந்த முறை சிஞ்ஞோராவே கேட்டிருந்தார்: இந்த வருடம் நான் இன்னும் வாயில் வைக்காத பழம் ஒன்று, முழுதாக, வெட்டாமல் கொண்டுவா. இரண்டாம் இரவு அப்படி ஒரு புதுப் பழத்தை வைத்து, இந்த நாள்வரை எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தாயே என்று கடவுளுக்கு நன்றி சொல்வது அவர்கள் வழக்கம்.

திங்கள், காலை 9.15. யோகாவின் வீடு சீசா என்ற பகுதியில், நான்காம் மாடி, மின்தூக்கி இல்லை. கீழே இறங்கினால் ஒரு பக்கம் சலூன், மறு பக்கம் கைத்தொலைபேசிக் கடை, எதிரில் உடுப்புக் காயும் ஐந்து மாடி. அங்கிருந்து பல்லாரோ சந்தைக்கு நடந்து அரை மணித்தியாலம். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் முக்கால் மணித்தியாலம் என்று அவள் சொன்னதை நான் முழுக்க நம்பினேன்.

வழியெல்லாம் கடைகளின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே போனோம். நான் காட்டிய எதுவும் சரிவரவில்லை. பிஸ்தா வைத்த கேக் எட்டு யூரோ. யார் செய்தது, எதில் செய்தது என்று தெரியாததால் ஆகாது. வைன் வாங்கலாமே என்றேன். அவர்களுக்கென்று தனி வைன், அது ரோமிலிருந்து வருகிறது. அழகான செப்புச் சட்டி ஒன்று கண்டேன். புதுப் பாத்திரத்தை அவர்கள் முறைப்படி நீரில் அமிழ்த்தி எடுக்காமல் பாவிப்பதில்லையாம், அதற்கு அந்த மனுசி எங்கே போவார்? தேன் தோதான பொருள்தான், புதுவருடம் இனிக்க வேண்டும் என்று அப்பிளைத் தேனில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ஆனால் தெரிந்தவர்கள் எல்லாரும் தேனையே கொடுத்து அலுமாரியில் ஆறு போத்தல் நிற்கிறது. எனக்குச் சினம் ஏறியது. பிறகு, எங்கள் ஊரில் சைவச் சாப்பாடு என்று எழுதிய கடையில்கூடப் பச்சைத் தண்ணீர் குடிக்காத சனத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பல்லாரோவில் கத்திக் கத்தி விற்கிறார்கள். முதலில் சண்டை என்றுதான் நினைத்தேன். மாதுளை ஏற்கனவே சிஞ்ஞோராவின் மேசையில் உண்டு. கள்ளிப்பழம் ஓகஸ்ட்டிலிருந்தே சாப்பிடுகிறார். மாம்பழம் இப்போது சிசிலியிலேயே காய்க்கிறதாம், அதையும் சாப்பிட்டுவிட்டார். கடைசியில் ஒரு தட்டின் ஓரத்தில் கொய்யாப்பழம் கண்டோம். மஞ்சள் ஏறிய, கைக்கு அடங்கிய, வாசம் போதுமான பழம்.

"கொய்யா சிஞ்ஞோரா வாழ்நாளிலை சாப்பிட்டிருக்கமாட்டா!" என்றாள் யோகா.

கிலோ ஆறு யூரோ. கடைக்காரரோடு அவள் இத்தாலியத்தில் வாதாடினாள். இவள்தான் வீட்டில் வாயே திறக்காத பிள்ளை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான்கு பழம், தொள்ளாயிரம் கிராம், ஐந்து யூரோவுக்கு முடிந்தது. அன்றைக்கே வாங்கியதற்குக் காரணம் உண்டு. திருநாள் தொடங்கிய பிறகு தனக்கென்று வாங்கிய பழத்தை சிஞ்ஞோரா தொடமாட்டார். யோகா நான்கையும் துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். இரவு நான் தண்ணீர் எடுக்கப் போனபோது, "அதிலை கை வைக்காதேங்கோ" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

செவ்வாய், மாலை 4.45. புறப்பட்டோம். யோகா நீலப் பட்டுச் சேலை, நான் வெள்ளைச் சேர்ட். விருந்து ஏழரைக்கு, அதற்கு முன் ஒரு வேலை இருந்தது.

யூதர்களுடைய புதுவருடமும் எங்கள் நவராத்திரியும் ஒரே அமாவாசை கழிந்துதான் வருகின்றன. இரண்டு சனத்துக்கும் நேரசூசி எழுதுவது ஒரே சந்திரன் என்பது எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. கோடையில் சிஞ்ஞோரா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்தபோது, எழும்பி வீட்டுக்கு வந்தால் நவராத்திரியில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதாக யோகா அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். எங்கள் ஆட்களின் கோயில் ஒரு பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கராஜ், உள்ளே போனால் கற்பூர வாசம். ஐம்பது அறுபது பேர் நின்றார்கள்.

அர்ச்சனைத் தட்டில் யோகா அந்த நான்கு கொய்யாவையும் வைத்தாள். சிஞ்ஞோராவுக்கான அர்ச்சனை, சிஞ்ஞோராவுக்குப் போகிற பழம். இதைவிடப் பொருத்தம் என்ன? எனக்கும் அப்படித்தான் பட்டது.

"நட்சத்திரம்?" என்று கேட்டார் ஐயர்.

"தெரியாது ஐயா. நான் வேலை செய்யிற வீட்டு அம்மா. லியா எண்டு பேர்."

ஐயர் ஒரு கணமும் தயங்காமல் மந்திரத்துக்கு நடுவே லியா என்று கம்பீரமாகச் சொன்னார். தீபம் காட்டினார். பழங்கள் குங்குமப் பொட்டும் ஒரு செவ்வரத்தம்பூவுமாகத் திரும்பி வந்தன. யோகா கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தாள். அவள் அவ்வளவு நிறைவாக நின்றதை நான் பல வருடமாகக் காணவில்லை.

மாலை 6.10. கால்சாவுக்கு நடந்தே போனோம். வழியில் கல்தெராய் தெரு, தகரமும் செம்பும் விற்கும் கடைகள். அதை ஒட்டிய ஒழுங்கைகளில் தெருப் பெயர்ப் பலகை மூன்று எழுத்தில் இருக்கிறது: இத்தாலியம், எபிரேயம், அரபு. ஐந்நூறு வருடத்துக்கு முன்பு யூதர்கள் வாழ்ந்த பகுதி இது. ஒரே அரச கட்டளையில் எல்லாரையும் தீவைவிட்டே துரத்திவிட்டார்கள். இன்று பலகை மட்டும் அவர்கள் எழுத்தில் நிற்கிறது. சிஞ்ஞோராவும் இந்த ஊரவர் அல்ல, லிவோர்னோவிலிருந்து கலியாணம் கட்டி வந்தவர்.

ஒரு மதுக்கடையைக் கடக்கும்போது சும்மா கேட்டேன்: "நேற்றுச் சொன்னியே, அவைக்குத் தனி வைன் எண்டு. அது ஏன்?"

"தனி வைன் மட்டுமில்லை அண்ணை. திறந்த போத்திலிலை நான் வாத்தாலும் குடிக்கமாட்டா. அவவேதான் வாக்க வேணும். ஏனெண்டு ஒருக்கா கேட்டனான். முந்தின காலத்திலை ஆக்கள் சிலையளுக்கு வைன் படைச்சுப்போட்டுக் குடிக்கிறவையாம். அப்பிடிப் படைச்சதைத் தாங்கள் தொடக் கூடாதாம். வைன் எண்டில்லை, இறைச்சியோ, பழமோ எதெண்டாலும்…"

அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள். நானும் நின்றேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அது சிலைக்கெல்லோ அண்ணை," என்றாள் மெதுவாக. "இது அம்மனுக்கு."

பதினொரு வருடம் அந்தச் சட்டம் அவளுக்குத் தெரியும். சிலை என்பது யாரோ எந்தக் காலத்திலோ கும்பிட்டது என்றே அவள் நினைத்திருக்கிறாள். அம்மனை அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. எங்கள் அம்மன் இவர்களுக்குச் சிலையா? கோபம் ஒரு பக்கம் இருக்க, மணி 6.25. திருநாள் தொடங்கிவிட்டதால் வேறு பழம் வாங்க வழியில்லை, சிஞ்ஞோரா திருநாளில் தொலைபேசியும் எடுக்கமாட்டார்.

அங்கே ஒரு சிறு சதுக்கத்தில் குழாய் இருந்தது. "பையைத் தா," என்றேன். "பொட்டைக் கழுவிவிட்டால் பழம் பழம்தான். ஆருக்குத் தெரியப் போகுது?"

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அந்தக் குசினியிலை இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி. கரண்டி, துணி எல்லாம் ரெண்டு ரெண்டு. அவ ஆஸ்பத்திரியாலை வந்து மூண்டு மாசம் குசினிப் பக்கம் வரேல்லை. நான் இது பால் சட்டி எண்டு சொன்னா, அது பால் சட்டி. இண்டைக்கு இதைக் கழுவிக் குடுத்தா நாளைக்கு நான் சொல்லுறதை எப்பிடி நம்புறது?"

"அவவுக்குத் தெரியாதெண்டால் நம்புவாதானே."

"ஓம், நம்புவா. அதுதான் பயமா இருக்கு."

குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஸ்ரேஷனின் லைன் கிளியர் இல்லாமல் ஒரு வண்டியைக்கூட விடாதவன் நான், தங்கைக்குக் களவு சொல்லிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால்சா வரும்வரை இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அவளுடைய முதல் விருந்து அது. பத்து வருடத்துக்குப் பிறகு கொண்டுபோகும் முதல் பரிசு. அது மீண்டும் காவலாளியிடம் போவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

மாலை 7.30. சிஞ்ஞோராவின் கட்டிடம் திருத்திக் கட்டிய பழைய மாளிகை. அதை ஒட்டியே பூச்சு உதிர்ந்த வீடுகள், வாசலில் கதிரை போட்டுச் சனம். இரண்டாம் மாடி. யோகாவிடம் திறப்பு இருந்தும் தானே பூட்டைத் திறக்காமல் கதவைத் தட்டினாள். பையைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டாள். சிஞ்ஞோரா கைத்தடியோடு வந்து திறந்தார். மெலிந்த, குள்ளமான, நேராக நிற்கும் மனுசி. என் கையைப் பிடித்து வரவேற்றார். யோகா உள்ளே காலை வைக்காமலே பேசத் தொடங்கினாள். இத்தாலியம் எனக்குத் தெரியாது. கோயில் பக்கமாகக் கை போனதும், நெற்றியைத் தொட்டுக் காட்டியதும் தெரிந்தது. பேசி முடித்ததும் அவளே எனக்குச் சொன்னாள்: "எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

சிஞ்ஞோரா படிக்கட்டில் இருந்த பையைப் பார்த்தார். கொய்யா வாசம் மாடியெல்லாம் நிறைந்திருந்தது. ஏதோ கேட்டார்.

"ஏன் கோயிலுக்குக் கொண்டு போனனீ எண்டு கேக்கிறா," என்ற யோகா, ஆஸ்பத்திரிக் கதையையும் நேர்த்தியையும் சொன்னாள். சிஞ்ஞோரா சுவரில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, தெளிவாக இரண்டு வசனம் சொன்னார்.

"தன்னாலை சாப்பிட ஏலாதாம். வீட்டுக்குள்ளை எடுக்கவும் ஏலாதாம்." அதுவரை திடமாக நின்ற யோகா அப்போதுதான் அழுதாள்.

சிஞ்ஞோரா அவளை இழுத்து உள்ளே கொண்டுபோய் மேசையில் இருத்தினார், கைத்துண்டை எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். யோகா அழுகையோடு சிரித்தாள், மொழிபெயர்க்கவில்லை. பிறகு அவள் பக்கம் குனிந்து நீளமாகப் பேசினார். யோகா துண்டுதுண்டாக எனக்குச் சொன்னாள்.

"புதுவருசத்துக்கு, தனக்கு வேண்டிய ஆக்கள் எல்லாற்றை பேரையும் சொல்லி, நல்ல வருசம் குடு எண்டு கேக்கிறவவாம். தாயின்ரை பேரோடைதான் சொல்ல வேணுமாம், இன்னாற்றை பிள்ளை எண்டு. பதினொரு வருசமா என்ரை பேரைத் தனியச் சொல்லுறாவாம். அம்மான்ரை பேரைக் கேக்க இவ்வளவு காலமும் வாய் வரேல்லையாம். பழம் இல்லாட்டியும் நன்றி சொல்லலாமாம். பேரைத் தா எண்டு கேக்கிறா."

"பறுவதம்," என்றாள் யோகா.

சிஞ்ஞோரா சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் சரியாக வந்தது.

மேசையில் அத்திப்பழம், பூசணி, லீக்ஸ், பேரீச்சம்பழம், தலையோடு மீன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து. வைனை அவரேதான் வார்த்தார், எங்களுக்கும். முந்தின நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த விளக்கிலிருந்து ஏற்றிய மெழுகுதிரிகளுக்கு முன் நின்று, கண்ணை மூடிப் பெயர்களைச் சொன்னார். மிலானில் இருக்கும் மகள், பேரப்பிள்ளைகள். பிறகு யோகராணி, பறுவதத்தின் மகள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யோகா என் பெயரைச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் புரியாத மொழிக்குள் இராசரத்தினம் என்றும் பறுவதம் என்றும் கேட்டது.

எங்கள் அம்மனும் சிஞ்ஞோராவின் கடவுளும் தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொள்ளட்டும். விருந்து முடிந்து, படிக்கட்டில் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய், நாங்கள் கொய்யாவைப் பஸ் தரிப்பிடத்தில் தின்றோம். நல்ல பழம், விதை கொஞ்சம் கூட. பஸ் இருபத்தாறு நிமிடம் பிந்தியது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னைப் பாத்து என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"உந்த அண்ணர் கழுவிக் குடுக்கச் சொல்லியிருப்பாரே எண்டு கேட்டவ."

சனி, காலை 10.05. திரும்பும் நாள். விமான நிலையத்தில் அதிகாரி என் கடவுச்சீட்டை விரித்து, "கந்தையா?" என்று கேட்டார். அது அப்பாவின் பெயர். எங்கள் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் நிற்பது அதுதான். பள்ளிக்கூட இடாப்பிலும், ரயில்வேயில் நான் கையெழுத்திட்ட அத்தனை புத்தகத்திலும், கலியாணப் பத்திரத்திலும் நான் கந்தையாவின் மகன். ஓம் என்று தலையாட்டினேன், முத்திரை குத்தித் தந்தார். பறுவதத்தின் மகன் என்று அறுபத்து மூன்று வருடத்தில் எந்தக் காகிதத்திலும், எந்தக் கோயிலிலும் யாரும் என்னைச் சொன்னதில்லை. அம்மாவின் பெயரைத் தங்கையிடம் ஒருவர் கேட்டு வாங்கியதை நான் பார்த்தது பலெர்மோவில்தான்.